நகரும் கதவும் தடுப்புச் சுவரும்

அலுவலின் பொருட்டும் தொழிலின் பொருட்டும் பிற மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பொதுவாக உள்ள குறைகளில் முதன்மையானது இடக்குறை. மும்பையின் மாதுங்காவிலும் செம்பூரிலும், தில்லியின் கரோல் பாகிலும் ராமகிருஷ்ணபுரத்திலும், கொல்கத்தாவிலும் பெங்களூரிலும் இக்குறை ஏறக்குறைய ஒரே வடிவில்தான் இருக்கிறது. ஒரு நீண்ட கூடம், ஒரு சமையலறை, ஒரு குளியலறை. அதற்குள் கணவனும் மனைவியும், தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளும், ஊரில் தனித்து வாழ இயலாமல் வந்து சேர்ந்த வயது முதிர்ந்த தாயோ தந்தையோ அடங்கி வாழவேண்டும். பாட்டி இரவு எட்டு மணிக்கே கண்ணயர விரும்புகிறார். பேரனோ பதினோரு மணி வரை விளக்கை அணைக்க இயலாது. இவ்விருவரில் எவரையும் குறை கூறுவதற்கில்லை. குறை கூடத்தினுடையது. அதனை இரண்டாகப் பிரிப்பதே வழி என்று குடும்பத் தலைவர் முடிவு செய்கிறார்.

பெரிய வீட்டுக்கு மாற வசதியில்லாதவர்கள் தடுப்புச் சுவர் எழுப்பி, அதில் நகரும் கதவு ஒன்று பொருத்த எண்ணுவது இயல்பே. ஆயினும் பலர் சுவரை முதலில் எழுப்பிவிட்டுக் கதவைப் பற்றிப் பின்னர் யோசிக்கின்றனர். நகரும் கதவைப் பொறுத்தவரை இந்த வரிசை தலைகீழானது. கீல் வைத்த கதவு, நிலையின் ஒரு பக்கத்தைப் பற்றிக்கொண்டு நிற்பது. சுவர் சற்றுக் கோணினாலும் கீலைத் திருத்திச் சமாளிக்கலாம். நகரும் கதவோ மேலே உள்ள உத்திரத்திலிருந்து தொங்குவது. அதன் ஓட்டம் முழுவதும் சுவரின் எலும்புக்கூட்டை நம்பியிருக்கிறது. ஆதலால், கதவை முதலில் தெரிந்தெடுத்து, அதன் அளவுக்கும் எடைக்கும் ஏற்பச் சுவரின் சட்டத்தை அமைக்கவேண்டும். இவ்வுரை வலியுறுத்த விரும்பும் செய்தி இதுவே.

அறையைப் பிரிக்கலாமா?

ஒரு கணக்கோடு தொடங்குவோம். 3 மீட்டர் அகலமும் 6 மீட்டர் நீளமும் கொண்ட கூடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி, குடியிருப்பில் இரண்டு அறைகள் இருப்பின் ஒன்று 9.5 சதுர மீட்டருக்கும் மற்றொன்று 7.5 சதுர மீட்டருக்கும் குறையலாகாது. சிறிய அறையின் அகலம் 2.1 மீட்டருக்குக் குறையலாகாது. நமது கூடத்தில் முன்பகுதிக்கு 3.3 மீட்டர் நீளம் ஒதுக்கினால் 9.9 சதுர மீட்டர் கிடைக்கிறது. சுவரின் கனத்துக்கு 12 செ.மீ. போக, பின்பகுதிக்கு எஞ்சுவது 2.58 மீட்டர், அதன் பரப்பு 7.74 சதுர மீட்டர். விதி நிறைவேறுகிறது, ஆனால் வீணாக்க ஒரு சாண் இடமும் இல்லை.

இடத்தைப் போலவே காற்றும் வெளிச்சமும் கணக்கில் சேரவேண்டும். வெப்பமும் ஈரமும் மிகுந்த பகுதிகளில் அறையின் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கும், வறண்ட வெப்பப் பகுதிகளில் பத்தில் ஒரு பங்கும் சாளரத் திறப்பாக இருக்கவேண்டும் என்பது அத்தொகுப்பின் நெறி. அப்படியானால், நமது சிறிய அறைக்குக் கடற்கரை நகரில் சுமார் 1.3 சதுர மீட்டரும், வறண்ட வெப்ப நகரில் சுமார் 0.8 சதுர மீட்டரும் திறப்பு வேண்டும். கூடத்தின் ஒரு கோடியில் மட்டுமே சாளரம் இருந்து, மறு கோடியில் ஏதும் இல்லையானால், தடுப்புக்குப் பின்னால் அமைவது உறங்கும் அறை ஆகாது. பொருள் வைக்கும் கிடங்குதான் ஆகும். அத்தகைய இடத்தில் முதியவரையோ குழந்தையையோ படுக்கவைக்க எண்ணுவது தகாது.

அனுமதியைப் பற்றியும் ஒரு சொல். அரசாங்கக் குடியிருப்பில் உரிய அதிகாரியின் இசைவின்றி மாற்றம் செய்யலாகாது. வாடகை வீட்டில் உரிமையாளரின் ஒப்புதலை எழுத்தில் பெறுதல் வேண்டும். அடுக்ககங்களில் சங்கத்தின் விதிகளையும் பார்த்துக்கொள்வது நன்று.

சுவரின் பாரம்

தடுப்பு என்றதும் செங்கல்லை நினைப்பவர் உண்டு. நாலரை அங்குலக் கனமுள்ள செங்கல் சுவர், இருபுறப் பூச்சும் சேர, சதுர மீட்டருக்குச் சுமார் 250 கிலோ எடை கொள்ளும். 2.75 மீட்டர் உயரமுள்ள நமது கூடத்தின் குறுக்கே அதனை எழுப்பினால், வாயில் நீங்கலாகவே பாரம் ஒன்றரை டன்னை எட்டும். கீழே உத்திரம் ஏதுமின்றி வெறும் கான்கிரீட் தளத்தின் நடுவில் இவ்வளவு பாரத்தை ஏற்றுவது கட்டடப் பொறியாளரைக் கேளாமல் செய்யத்தக்க காரியம் அன்று. மாறாக, மரக்கட்டையாலோ துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டத்தாலோ கூடு அமைத்து, இருபுறமும் ஜிப்சம் பலகை அறைந்த சுவர், கதவையும் சேர்த்து 200 கிலோவை அண்டியே நிற்கும். வீடு மாறும்போது கழற்றி எடுத்துவிடவும் கூடும். நாம் பேசப்போவது இத்தகைய இலேசான சுவரைப் பற்றித்தான்.

கதவு கவரும் இடம்

இனி, நகரும் கதவு ஏன் வேண்டும்? 90 செ.மீ. அகலமுள்ள கீல் கதவு திறக்கும்போது கால்வட்டம் ஒன்றை வரைகிறது. அக்கால்வட்டத்தின் பரப்பு 0.64 சதுர மீட்டர். நமது சிறிய அறையில் அது ஏறக்குறைய பன்னிரண்டில் ஒரு பங்கு. அந்த இடத்தில் கட்டிலையோ மேசையையோ வைக்க இயலாது. நகரும் கதவு அவ்விடத்தைக் குடும்பத்துக்குத் திருப்பித் தருகிறது. சக்கர நாற்காலியிலோ ஊன்றுகோலின் துணையிலோ நடமாடுபவருக்கும், பின்வாங்கி நின்று கதவை இழுக்கவேண்டிய தொல்லை இல்லை. அணுகல்தன்மை பற்றிய இந்திய அரசின் நெறிமுறைகள் வாயிலில் 90 செ.மீ. தடையற்ற வழி வேண்டும் என்கின்றன. முதியோர் உள்ள வீட்டில் இயன்றவரை அந்த அளவை அண்டியே வாயிலை அமைப்பது அறிவுடைமை.

ஆயின் இதற்குக் குறையும் உண்டு. கீல் கதவு நிலையின் விளிம்பில் இறுக அமர்ந்து ஒலியைத் தடுப்பதுபோல், நகரும் கதவு தடுக்காது. அதன் ஓரங்களில் இடைவெளி இருந்தே தீரும். விளக்கின் வெளிச்சத்தையும் பார்வையையும் அது மறைக்கும். பேச்சொலியை ஓரளவே குறைக்கும். இதனை முன்பே அறிந்துகொண்டால் பின்னர் ஏமாற்றம் இராது.

இருவகைக் கதவுகள்

நகரும் கதவுகளில் நமக்கு உரியவை இரண்டு வகை. ஒன்று, சுவரின் முகத்தை ஒட்டி வெளிப்புறமாகவே ஓடுவது. இதனைச் சுவரோரக் கதவு எனலாம். மற்றொன்று, வாள் உறைக்குள் புகுவதுபோல் சுவரின் வயிற்றுக்குள் புகுந்து மறைவது. இதனை உறைக்கதவு எனலாம்.

இக்கலையில் நெடுங்காலப் பழக்கம் உடையவர்கள் ஜப்பானியர். அவர்களுடைய மரபு வீடுகளில் அறைகளைப் பிரிப்பவை மரச்சட்டத்தில் காகிதம் ஒட்டிய நகரும் கதவுகளே. மேலே ஒரு கட்டையும் கீழே ஒரு கட்டையுமாக இரண்டில் பள்ளம் செதுக்கி, அவற்றிடையே கதவை ஓடவிடுவர். மேற்பள்ளம் ஆழமாகவும் கீழ்ப்பள்ளம் ஆழம் குறைந்தும் இருக்கும். கதவைத் தூக்கி மேற்பள்ளத்துள் செலுத்திப் பின் கீழ்ப்பள்ளத்தில் இறக்கிவிடுவர், கழற்றும்போதும் அவ்வாறே. கதவைக் கழற்றும் வழியைச் சட்டம் செய்யும்போதே அமைத்துவிடும் இந்த முன்யோசனை நாமும் கொள்ளத்தக்கது. ஆனால் அவர்களுடைய கீழ்ப்பள்ளம் நமக்கு ஒத்துவராது. நாள்தோறும் பெருக்கித் துடைக்கும் நம் தரையில் பள்ளம் இருந்தால் தூசியும் அரிசி நொய்யும் சேர்ந்து உருளியைத் தடுக்கும். முதியவரின் கால் இடறவும் கூடும். எனவே, கதவின் பாரம் முழுவதையும் மேலிருந்து தாங்கி, கீழே ஆடாமல் பிடிக்கச் சிறிய வழிகாட்டி ஒன்றை மட்டும் வைப்பதே நமக்கு ஏற்றது.

சுவரோரக் கதவு செய்வது எளிது. கதவு, வாயிலைவிட இருபுறமும் 5 செ.மீ. அகன்றிருக்கவேண்டும், 90 செ.மீ. வாயிலுக்கு 100 செ.மீ. கதவும், அதன் இருமடங்காகிய 2 மீட்டர் தண்டவாளமும் தேவை. கவனிக்கவேண்டியது யாதெனில், ஜிப்சம் பலகை கதவின் பாரத்தைத் தாங்காது. தண்டவாளம் ஓடும் 2 மீட்டர் நீளத்துக்கும் பலகைக்குப் பின்னால் கனத்த கட்டையைக் கால்களோடு பிணைத்துவிட்டு, திருகாணிகள் அக்கட்டையைப் பற்றுமாறு முடுக்கவேண்டும். ஒதுங்கிய கதவு சுவரின் முகத்தை மறைக்குமாதலால், அப்பக்கத்தில் அலமாரியும் வைக்க இயலாது, படமும் மாட்ட இயலாது. இவ்வசதிக்குறைவு பொருட்டல்ல என்போர் இவ்வகையையே கொள்ளலாம். அங்குல இடமும் அருமையான வீட்டுக்கு உறைக்கதவே உகந்தது. அதனுடைய சட்டத்தைச் சற்று விரிவாகக் காண்போம்.

அளவு எடுத்தல்

கதவையும், தண்டவாளத்தையும், உருளிகளையும் முதலில் வாங்கி வீட்டில் கொண்டுவந்து வையுங்கள். தண்டவாளத்தோடு வரும் குறிப்புத்தாளில் உள்ள அளவுகளே முடிந்த முடிவு. பொதுவாக, சட்டத்தில் விடவேண்டிய அகலம் கதவின் அகலத்தைப் போல் இருமடங்கும் அதன்மேல் 2.5 செ.மீ.யும் ஆகும். 90 செ.மீ. கதவுக்கு அது 182.5 செ.மீ. இதில் பாதி வாயில், பாதி உறை. உயரத்துக்குக் கதவின் உயரத்தோடு சுமார் 11.5 செ.மீ. கூட்டவேண்டும். தரையோடு உள்ள இடைவெளி, உருளி, தண்டவாளம் ஆகியவை இதில் அடங்கும். 2 மீட்டர் உயரக் கதவாயின், உத்திரத்தின் அடிமுகம் முடிவுற்ற தரையிலிருந்து 211.5 செ.மீ. உயரத்தில் அமையும். புதிதாகத் தரை ஓடு பதிக்கும் எண்ணம் இருந்தால் அதனை முடித்த பின்னரே அளக்கவேண்டும்.

தரையில் சுவரின் கோட்டை வரையும்போது பக்கச் சுவருக்குச் செங்கோணமாக வருமாறு பார்த்துக்கொள்ளவேண்டும். இதற்குக் கருவி ஏதும் வேண்டா. மூலையிலிருந்து பக்கச் சுவரில் 90 செ.மீ., புதிய கோட்டில் 120 செ.மீ. அளந்து குறியிட்டு, இரண்டு குறிகளுக்கும் இடைப்பட்ட தூரம் சரியாக 150 செ.மீ. வந்தால் கோணம் செம்மையாக உள்ளது என்று அறியலாம். தரைக்கோட்டைத் தூக்குக்குண்டின் உதவியால் மேல்தளத்துக்கு ஏற்றவேண்டும். தளத்தில் துளையிடும் முன் மின்கம்பிக் குழாய்களும் நீர்க்குழாய்களும் எவ்வழி செல்கின்றன என்று விசாரித்து, மின்னோட்டத்தையும் நிறுத்திவிடுதல் இன்றியமையாதது. கான்கிரீட்டுக்குள் மறைந்திருக்கும் குழாய் நம் கண்ணுக்குத் தெரியாது.

நமது 3 மீட்டர் சுவரில் உறையை ஒரு பக்கச் சுவரை ஒட்டியும், நடுவில் வாயிலும், எஞ்சியதைக் கெட்டிச் சுவராகவும் அமைக்கலாம். தாங்கும் கால்களுக்கு இருபுறமும் 8 செ.மீ. வீதம் 16 செ.மீ. போனால், கெட்டிச் சுவருக்கு 101.5 செ.மீ. கிடைக்கும். விளக்கின் விசை, மின் இணைப்பு, புத்தகத் தட்டு ஆகிய யாவும் இக்கெட்டிப் பகுதியில்தான் வரவேண்டும். உறைப் பகுதியில் கம்பியோ குழாயோ செல்லலாகாது.

உத்திரமும் கால்களும்

உறைக்கதவின் உயிர்நிலை உத்திரம். கீல் கதவாயின் 90 செ.மீ. வாயிலுக்கு மேலே குறுக்குக் கட்டை ஒன்று போதும். உறைக்கதவில் உத்திரம் வாயிலோடு உறையையும் தாண்டிச் செல்லவேண்டியிருப்பதால் அதன் நீளம் இரட்டிக்கிறது. ஒரு கட்டையின் நீளம் இரட்டித்தால், நடுவில் தொங்கும் பாரத்தால் ஏற்படும் தொய்வு இருமடங்கு அன்று, எட்டு மடங்கு ஆகும். 35 மி.மீ. கனமுள்ள கெட்டியான மரக்கதவு 40 கிலோவை நெருங்கும். அது ஒவ்வொரு முறையும் உத்திரத்தின் நடுப்பகுதியைக் கடந்து செல்கிறது. உத்திரம் சில மில்லிமீட்டர் தொய்ந்தாலும், தண்டவாளம் வளைந்து, கதவு நடுவில் வந்து நின்றுவிடும். அல்லது தரையை உரசும்.

இதற்குப் பரிகாரமும் அதே கணக்கில் உள்ளது. கட்டையின் நிற்கும் உயரத்தை இரட்டித்தால் தொய்வு எட்டில் ஒன்றாகக் குறைகிறது. 10 செ.மீ. அகலமும் 4 செ.மீ. கனமும் உள்ள கட்டையைப் படுக்கவைத்தால், நிறுத்திவைத்ததைக் காட்டிலும் ஆறு மடங்குக்குமேல் வளையும். மரம் அதே மரம். விலையும் அதே விலை. வைக்கும் முறைதான் வேறு. ஆதலின் உத்திரக்கட்டைகள் இரண்டை நிறுத்திவைத்து ஒன்றோடொன்று பிணைத்துக்கொள்க. 15 செ.மீ. உயரக் கட்டைகளாயின் கவலையே இல்லை. அதன் முனைகளை ஆணியின் பலத்தில் மட்டும் தொங்கவிடலாகாது. தரை முதல் மேல்தளம் வரை நிற்கும் முதற்கால் ஒன்றும், அதனை ஒட்டி உத்திரத்தின் அடிவரை நிற்கும் துணைக்கால் ஒன்றுமாக இருபுறமும் அமைத்து, துணைக்கால்களின் தலைமேல் உத்திரத்தை அமர்த்தவேண்டும். மேற்சொன்ன 182.5 செ.மீ. துணைக்கால்களுக்கு இடைப்பட்ட அளவாகும்.

உத்திரத்தை மட்டம் பார்க்கும்போது தரையை நம்பலாகாது. கழுவிய நீர் வழிந்தோடுவதற்காக நம் வீடுகளில் தரை சற்றுச் சரிந்தே இருக்கும். இருமுனைகளிலும் தரையிலிருந்து ஒரே அளவு வைத்தால் உத்திரமும் தரையைப் போலவே சரியும். கதவு தானே திறந்துகொள்ளும், அல்லது தானே மூடிக்கொள்ளும். தரையின் மேடான பகுதியில் உயரத்தைக் குறித்துக்கொண்டு, அங்கிருந்து ரசமட்டத்தின் துணையால் மறுமுனையைக் குறிக்கவேண்டும்.

மேல்தளத்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். கான்கிரீட் தளம் அசையாதது போல் தோன்றினாலும், மேல்வீட்டின் பாரத்தாலும் காலப்போக்கிலும் சிறிதளவு தாழ்வது உண்டு. சட்டத்தைத் தளத்தோடு முட்டுக்கொடுத்து இறுக்கிவிட்டால் அத்தாழ்வு முழுவதும் உத்திரத்தின்மேல் இறங்கும். இலேசான சுவரின் உச்சியில் சுமார் ஒரு செ.மீ. இடைவெளி விட்டு, சட்டம் சாயாதவாறு மட்டும் தளத்தோடு பிடித்துவைத்து, இடைவெளியை மிருதுவான பொருளால் அடைத்துவிடுவது முறை.

உறையின் அமைப்பு

உறைப் பகுதியில் முழுக்கால்கள் நிற்க இயலாது. கதவு புகவேண்டும் அல்லவா? அவற்றுக்குப் பதிலாகச் சுவரின் இருமுகங்களிலும் மெல்லிய ரீப்பர்கள் நிற்கும். சட்டத்தின் ஆழம் 9 செ.மீ. எனக் கொண்டால், இருபுற ரீப்பர்களுக்கும் 2 செ.மீ. வீதம் போக, நடுவில் 5 செ.மீ. வெற்றிடம் கிடைக்கும். 35 மி.மீ. கதவு அதனுள் இருபுறமும் 7 மி.மீ.க்கு மேல் இடைவெளியோடு ஓடும். இச்சிறு இடைவெளியே உறைக்கதவின் பலவீனமும் ஆகும். வெறும் மர ரீப்பர் எவரேனும் சாய்ந்தால் உள்வாங்கும். பருவம் மாறினால் வளையும். 2 செ.மீ. சதுர இரும்புக் குழாய்களைப் பயன்படுத்தினால் இவ்விரு குறையும் குறையும். உறையின்மேல் ஜிப்சம் பலகைக்குப் பதில் 12 மி.மீ. ஒட்டுப்பலகை அறைவதும் உறுதி தரும்.

பலகையைப் பிணைக்கும் திருகாணியின் நீளம் பலகையும் ரீப்பரும் சேர்ந்த கனத்துக்கு உட்பட்டிருக்கவேண்டும். 12.5 மி.மீ. பலகைக்கும் 20 மி.மீ. ரீப்பருக்கும் 25 மி.மீ. திருகாணி போதும். 40 மி.மீ. திருகாணி ஒன்று தவறி ஏறினாலும் அதன் கூர்முனை உறைக்குள் நீட்டிக்கொண்டு, கதவு போகும்போதும் வரும்போதும் அதன் முகத்தைக் கீறும். பின்னாளில் வீட்டார் நாட்காட்டிக்கும் சாமி படத்துக்கும் அடிக்கும் ஆணிக்கும் இதே விதி பொருந்தும். உறை எதுவரை உள்ளது என்பதைக் குடும்பத்தினர் அனைவருக்கும் காட்டிவைப்பது நல்லது.

இவ்வேலையில் மிக முக்கியமான சோதனை பலகை அறைவதற்கு முன் செய்யவேண்டியது. தண்டவாளத்தைப் பொருத்தி, கதவைத் தொங்கவிட்டு, எலும்புக்கூடாக நிற்கும் சுவரிலேயே இருபது முறை ஓட்டிப் பாருங்கள். பாதியிலும், கால்பங்கிலும், முக்கால்பங்கிலும் கதவை நிறுத்திக் கையை எடுங்கள். நிறுத்திய இடத்தில் கதவு நின்றால் தண்டவாளம் மட்டமாக உள்ளது. ஒரு பக்கம் நழுவினால் அப்பக்கம் தாழ்வு என்று பொருள். இப்போது ஓர் ஆப்பைச் செருகித் திருத்திவிடலாம். பலகை அறைந்து, பூசி, வண்ணமும் தீட்டிய பின்னர் இதே குறையைத் திருத்தவேண்டுமாயின் சுவரைப் பிளக்கவேண்டிவரும்.

கழற்றும் வழியையும் இப்போதே அமைத்தல் வேண்டும். உருளிகள் தேயக்கூடியவை, சில ஆண்டுகளில் மாற்ற நேரிடலாம். ஆகவே, வாயிலின் மேற்புறத்திலும் உறையின் வாய்ப்புறத்திலும் உள்ள நிலைச்சட்டங்களில், ஒரு பக்கத்தவற்றைப் பசையும் ஆணியும் இன்றித் திருகாணியால் மட்டும் பொருத்தச் சொல்லுங்கள். அவற்றை நீக்கினால் கதவு வெளியே வரும். உறையின் உள்முனையில் ரப்பர் தடை ஒன்று வேண்டும். இல்லையேல் வேகமாகத் தள்ளிய கதவு சுவரை இடிக்கும். கைப்பிடி கதவின் முகத்தில் பதிந்த குழிப்பிடியாக இருக்கவேண்டும். சாதாரணத் தாழ் இதற்குப் பயன்படாது. கொக்கித் தாழ்தான் ஏற்றது. முதியவர் அறையாயின், வெளியிலிருந்தும் திறக்கவல்ல தாழைத் தேர்ந்தெடுங்கள்.

ஜிப்சம் பலகையின் அடிவிளிம்பைத் தரையில் படியவிடாமல் ஒரு செ.மீ. உயர்த்தி நிறுத்தி, அவ்விடைவெளியை ஸ்கர்ட்டிங்கால் மறைக்கவேண்டும். தரை துடைக்கும் நீரைப் பலகை உறிஞ்சினால் ஊறிக் கெட்டுவிடும்.

மரமும் பருவமும்

நம் நாட்டில் மரத்துக்கு எல்லா ஊரும் ஒன்றல்ல. தில்லியின் மே மாதக் காற்றில் மரம் ஈரத்தை இழந்து சுருங்கும். மும்பையின் ஆடி மாத மழையில் ஈரத்தை வாங்கிப் பருக்கும். கட்டட மரத்தில் இருக்கத்தக்க ஈரத்தின் அளவை வகுப்பதற்காக இந்தியத் தர நிர்ணய நெறி, நாட்டை நான்கு தட்பவெப்ப மண்டலங்களாகப் பிரித்திருப்பதும் இக்காரணத்தாலேயே. உறைக்குள் 7 மி.மீ. இடைவெளியில் ஓடும் கதவுக்கு ஓரிரு மில்லிமீட்டர் மாற்றமும் பெரிது. எனவே, நன்கு உலர்ந்த மரத்தையே வாங்கி, சட்டமாக்குவதற்கு முன் சில நாள் அதே அறையில் அடுக்கிவைத்து, அங்குள்ள காற்றுக்குப் பழகவிடவேண்டும். கதவின் இருமுகங்களுக்கும் நான்கு விளிம்புகளுக்கும் ஒரே சீராக வண்ணமோ வார்னிஷோ பூசவேண்டும். கண்ணில் படாத மேல்விளிம்பையும் கீழ்விளிம்பையும் பூசாமல் விடுவதே கதவு முறுக்கிக்கொள்வதற்குப் பெருங்காரணம். கரையானுக்கு அஞ்சுவோர் தரையோடு ஒட்டும் அடிச்சட்டத்தை இரும்பில் அமைத்துக்கொள்ளலாம்.

தச்சரோடு பேசுதல்

வேற்று மொழி வழங்கும் ஊரில் இவ்வளவையும் தச்சருக்கு எவ்வாறு விளக்குவது என்ற தயக்கம் நம்மவருக்கு உண்டு. மொழிபெயர்ப்பை அலுவலாகக் கொண்டவன் என்ற முறையில் நான் கண்டது, தொழிலின் சொற்கள் தெரிந்துவிட்டால் பாதி மொழி தெரிந்ததற்கு ஒப்பாகும் என்பதே. நாம் நிலை என்பதை இந்தியில் சௌக்கட் என்பர். நான்கு மரங்களின் கூட்டு என்பது அதன் பொருள். மூலைமட்டம் அங்கே குனியா. திருகாணி பேச். தூக்குக்குண்டு இந்தியில் சாஹுல், மராத்தியில் ஓளம்பா, வங்காளத்தில் ஓலன். பெயர் பல, நூலில் தொங்கும் குண்டு காட்டும் நேர்க்கோடு எவ்வூரிலும் ஒன்றுதான்.

சொல்லினும் சிறந்தது படம். ஒரு தாளில் சுவரை நேரே பார்ப்பதுபோல் வரைந்து, 300, 182.5, 211.5, 101.5 என்ற எண்களை அவற்றின் இடங்களில் எழுதிக் கொடுங்கள். கதவு எப்பக்கம் ஒதுங்கவேண்டும் என்பதை ஓர் அம்புக்குறியால் காட்டுங்கள். உறையின் எல்லையைச் சாய்கோடுகளால் நிரப்புங்கள். தச்சரிடம் கூலி பேசும்போதே, பலகை அறைவதற்கு முன் கதவை ஓட்டிக் காட்டவேண்டும் என்பதையும் பேசிவைத்துக்கொண்டால், பின்னர் மனத்தாங்கல் எழாது. வேலை முடிந்தபின் அப்படத்தைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்து அவ்வீட்டில் குடிவருபவர் எங்கே ஆணி அடிக்கலாம், எங்கே அடிக்கலாகாது என்பதை அது சொல்லும்.

தடுப்புச் சுவர் என்பது ஒரு குடும்பத்தைப் பிரிப்பதற்காக எழுப்பப்படுவதன்று. ஒரே கூரையின் கீழ் உறங்குபவரும் விழித்திருப்பவரும், நோயாளியும் விருந்தினரும், ஒருவருக்கொருவர் இடையூறின்றி வாழ்வதற்கு அது துணை. அந்நோக்கம் நிறைவேறுவது சுவரால் அன்று, கதவால். இலேசாகத் தள்ளினால் திறக்கும் கதவாயின், உள்ளே இருக்கும் மூதாட்டி பகலெல்லாம் அதனைத் திறந்துவைத்துக் கூடத்தின் பேச்சில் கலந்துகொள்வார். இரவில் தாமே மூடிக்கொண்டு உறங்குவார். சிக்கிக்கொள்ளும் கதவாயின், ஒவ்வொரு முறையும் பிறரை அழைக்க நாணி, அதனைத் தொடாமலே விட்டுவிடுவார்; மூடியிருந்தால் சிறை, திறந்திருந்தால் பழைய கூடம். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு, உத்திரத்தின் மட்டத்தில் சில மில்லிமீட்டர்தான்.